வத்தல் கடை மாடியில் கவுன்சிலிங்

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம், நான் அவரோடு அளவுக்கு மீறிப் பேசியதுதான். நேரில் இல்லை, போனில். இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் இப்போது வருகிறது. அப்போது வரவில்லை.

அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்துக் கலவை நடக்கும்போது கண் எடுக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டிய ஆள். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்கு ப்ரூஃப் பார்க்கிறேன். அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டால் ஆர்டர் கொடுத்த அத்தனை ஜவுளிக் கடையிலிருந்தும் திட்டு வரும். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடித் தேடியே என் கண் அப்படிப் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் எதையாவது தேடிக்கொண்டுதான் இருப்பேன்.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. முகப்பில் இருக்கும் ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதனால் நான் ஆபீஸ் எண்ணுக்குத்தான் போன் செய்வேன். கணக்குப்பிள்ளை எடுத்து, "இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்காரு" என்பார். ஆரம்பத்தில் அது போதுமானதாக இருந்தது. பிறகு அவர் குரலையே கேட்டால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை வெயிலில் நடந்து போய் ஷெட்டிலிருந்து அவரைக் கூட்டி வர வேண்டும். அவர் வந்து "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். காலையில் ஒன்று, டீ நேரத்தில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். "நீ போன் பண்ணுனா பாதிக் கலவையில விட்டுட்டு எந்திரிச்சு வாரேன். திரும்பிப் போனா மனசு உங்கிட்டயே நிக்குது. அங்கன நாலு பேரு உசுரு என் கண்ணுல இருக்கு. எது வந்துரும்னு நீ பயப்படுறியோ, அத நீயே கூட்டிட்டு வந்துராத."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுச் சோறு போட்டிருப்பேன். அன்றிலிருந்து அவர் பேச்சு "சாப்பாடு", "சாவி", "வாரேன்" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. போன் செய்வதை விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பயம். விடாவிட்டால் என்னாலேயே ஆகிவிடும் என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் மறுநாள் டீ நேரத்தில் கை போனை எடுத்தது.

நெஞ்சு படபடப்பும் சேர்ந்துகொண்டது. எங்கள் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் சுத்தமாக இருக்கிறது, விருதுநகரில் ஒரு மேடம் தனியாக கவுன்சிலிங் செய்கிறார், போய்ப் பேசிப் பாருங்கள் என்றார். "அப்ப எனக்குப் பைத்தியம்கிறீகளா?" என்று கேட்டேன். "பல்லு வலின்னு வந்தா பல் டாக்டர்கிட்ட அனுப்புவேன்ல, அது மாதிரிதாம்மா இதுவும்" என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் எண்ணை வாங்கிக்கொண்டேன். அப்படி ஒருத்தியிடம் போய் என்னதான் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை கோபத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

அந்த எண்ணுக்கு போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்காத போன் என்றாலே எனக்கு ஆகாது. மாலையில் அந்த மேடமே கூப்பிட்டார். ஆள் வந்திருக்கும் நேரத்தில் போன் எடுப்பதில்லை என்று காரணம் சொன்னார். என்ன பிரச்சினை என்று சுருக்கமாகக் கேட்டார். எவ்வளவு நேரம் பேசுவோம், கட்டணம் என்ன, வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பிறகு, "சாகணும்கிற மாதிரி எண்ணம் எதுவும் வருதாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பது போல அத்தனை சாதாரணமாக. இல்லை என்றேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கலாம் போலிருக்கிறது, ஒன்றும் ஆகிவிடாது போலிருக்கிறது என்று வியப்பாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "போயிட்டு வா" என்றார். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் விருதுநகரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவைத்தேன். அது பெரிய தப்பாகப் போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் என் இமையை விரித்துப் பார்த்து, தன் பங்குக்கு ஒரு சொட்டு மருந்தும் சொல்லி அனுப்புவார்.

திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் போகும்போது முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வத்தல் கமிஷன் கடையின் மாடியில் அந்த அறை. படியேறும்போதே மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. மேலேயிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அழுதாரா, நெடியா என்று தெரியவில்லை. இடத்தை யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சினிமாவில் பார்த்த சாய்வுக் கட்டிலைத் தேடினேன். இல்லை. இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தன. அவரைப் பார்க்கவும் செய்யலாம், பார்க்காமல் ஜன்னலையும் பார்க்கலாம். கை எட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. இருவருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். சாமி படம் இல்லை. காலண்டரும் இல்லை. காலண்டர் இல்லாத சுவரை நான் பார்த்ததே கிடையாது, அதிலேயே கண் போய்க்கொண்டிருந்தது. மேடம் என்னைவிட வயதில் சின்னவர். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நம்ம ஊர் விஷயம் இவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற இளக்காரம் எனக்கு உடனே வந்துவிட்டது.

முதலில் அவர்தான் பேசினார். இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டி வரும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். நான் விடுவேனா. "அப்ப எங்க வீட்டுக்காரரு உசுருக்கு தெனமும் ஆபத்துதான் மேடம். யார்கிட்டச் சொல்லப்போறீக?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் போய் விவரம் சொல்லி மாத்திரை வாங்கி வருவது சகஜம். படுத்திருக்கிறவரை பஸ்ஸில் ஏற்றி அலைக்கழிப்பானேன் என்றுதான். என் மாமியாருக்கு அப்படித்தான் பல வருஷம் மருந்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு டீ குடிக்கிறார், என்ன கோபம், ஏன் பேசமாட்டேன் என்கிறார், அந்த வேலையை விடும்படி அவரிடம் எப்படிச் சொல்வது என்று அத்தனையும் ஒப்பித்தேன். போனில் அவர் படத்தைக்கூட எடுத்துக் காட்டினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். நடு நடுவே ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

முடியும் நேரத்தில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரரைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களைப் பத்தி இன்னும் எதுவுமே தெரியல."

மாத்திரை இல்லை, புத்திமதி இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடிகாணிக்கை கொடுத்தால் கண் சரியாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அளவுக்குக்கூட ஒரு வழி சொல்லவில்லை. கொடுத்ததெல்லாம் ஒரே ஒரு வேலை. போன் எடுக்கக் கை போகும்போது அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் எண்ணை அழுத்துவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்து வர வேண்டும். இதற்கா இத்தனை தூரம் வந்தேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கறுவிக்கொண்டேன்.

ஆனால் பார்ப்பது என் தொழில். பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் முழங்கால் சில்லிட்டது. பிறகு நாக்கில் ஒரு துருச் சுவை. காது இரண்டும் விறைத்துக்கொண்டன. இத்தனை நாளாக என் உடம்பு இவ்வளவு வேலை செய்துகொண்டிருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு தடவை இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் டீ நேரமே தாண்டிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை, அந்த மொட்டைச் சுவருக்காக எங்கள் அச்சகத்தின் நல்ல காலண்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்துப்போனேன். முருகன் படம், தங்க ஃபாயில் போட்டது. எங்கள் ஊரில் யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டோம். சீசன் நேரம் என்றால் பட்டாசுப் பெட்டி, மற்ற நேரம் காலண்டர். வாங்க மாட்டேன் என்று சொன்னவர் இதுவரை யாரும் கிடையாது. மேடம் சொன்னார். கொண்டுவந்ததற்கு நன்றி, ஆனால் பரிசு எதுவும் வாங்குவதில்லை என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு காலண்டரு வாங்குனா என்ன ஆயிருமாம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"நான் இதை வாங்கிக்கிட்டா, என்மேல கோபம் வரும்போது சொல்லத் தயங்குவீங்க" என்றார்.

"இப்பவே கோவமாத்தான் இருக்கு."

"நல்லதுங்க. சொல்லிட்டீங்கள்ல."

கோபத்தைச் சொன்னால் நல்லது என்கிறார். எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. அந்தக் காலண்டரை கீழே வத்தல் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாயெல்லாம் பல்லாக வாங்கி அப்போதே ஆணியில் மாட்டினார்.

அன்றைக்கு மேடம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் போனில் வந்து "இருக்கேன்" என்று சொன்ன பிறகு எவ்வளவு நேரம் நிம்மதியாக இருக்கும்? யோசித்தேன். போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பது வரைதான். அதைச் சொல்லும்போது எனக்கே பரிதாபமாக இருந்தது. அந்தத் துளி நிம்மதிக்காகவா ஒரு மனிதரை மருந்துக் கலவையிலிருந்து எழுப்பி வரச் சொல்கிறேன்?

இன்னொரு சனிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது கீழே லாரியின் பின்கதவை யாரோ டமாரென்று இறக்கினார்கள். எனக்குச் சுதாரிப்பு வந்தபோது நான் அறைக் கதவருகே நிற்கிறேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன். "மொட்ட மாடிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டிருக்கிறேன்.

மேடம் எழுந்திருக்கவில்லை. "லாரிக் கதவுங்க. மாடியில என்ன இருக்கு?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

இதைக்கூட விளக்க வேண்டுமா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகுதான் உறைத்தது, இதை நான் யாருக்கும் சொன்னதே இல்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சொல்வதில்லை. சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடுவோம். புகை எங்கே எழும்புகிறது என்று பார்ப்போம். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று மாடிக்கு மாடி கேட்டுக்கொள்வோம். நம்முடைய ஆள் வேலை செய்யும் திசை இல்லை என்றால் மூச்சு வரும். அந்தத் திசை என்றால் போனை எடுப்போம்.

"கடைசியா அப்படி நின்னது எப்போ?" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் நிறைய மிச்சமிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பேச்சை மாற்ற வேறு எதுவும் கைக்கு வராததால் சொல்லிவிட்டேன். அன்று புகை விஸ்வநத்தம் பக்கம்தான். என் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி நின்றாள். அவள் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான், வேறு ஆலை. இருவரும் ஒரே நேரத்தில் போன் செய்தோம். எனக்கு கணக்குப்பிள்ளை எடுத்து "இருக்காரும்மா" என்றார். அவளுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாடியில் அவ்வளவு பேர் நின்றும் அந்த மணிச் சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் இப்போது மல்லாங்கிணறில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

சொல்லி முடித்ததும், நானே எதிர்பாராத இன்னொன்றும் வந்து விழுந்தது. "நான் போன் பண்றதுனாலதான் அவரு உசுரோட இருக்காருன்னு எனக்குள்ள ஒரு நெனப்பு மேடம். ஒரு நாள் விட்டாலும் எடுக்க ஆளிருக்காது."

வெட்கமாகப் போய்விட்டது. படித்தவள், ப்ரூஃப் பார்ப்பவள், பேசுகிற பேச்சா இது. மேடம் சிரிக்கவில்லை. "எவ்வளவு பெரிய வேலையைத் தனியாச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அப்போது அழுதேன். வத்தல் நெடி என்று அவரிடம் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

அதன் பிறகு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். ஒரேயடியாக நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் தள்ளிப்போடுவது, பயம் ஏறுவதையும் அதுவாகவே இறங்குவதையும் இருந்து பார்ப்பது. இறங்கும் என்பதை நான் நம்பவில்லை. ஏனென்றால் அது இறங்கும் வரை நான் ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை. இறங்கத்தான் செய்தது. சில நாள் ஒரு பக்கம் ப்ரூஃப் பார்த்து முடிப்பதற்குள், சில நாள் சாப்பாட்டு மணி வரைக்கும் இழுத்தடித்து. இடையில் ஒரு வாரம் எல்லாம் பாழாகி, பழையபடி கணக்குப்பிள்ளையை வெயிலில் ஓடவிட்டேன். அதையும் போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, அந்த வாரம் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரரிடம், இனி ஆபீசுக்கு போன் செய்ய மாட்டேன் என்றேன். "பாப்போம்" என்றார். அவ்வளவுதான். நான் போன் செய்யாத நாட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தும் அவர் வாய் திறக்கவில்லை. பாராட்ட வேண்டாம், கவனித்தாரா என்றாவது தெரிய வேண்டாமா? எனக்கு உள்ளூர எரிச்சல்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. அச்சகத்தில் ஆவணி மாதத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் ஒன்று கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் மாடிக்கு ஓடினோம். "எந்தப் பக்கம்?" என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்டார்கள். விஸ்வநத்தம் பக்கம் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். புகை தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

முழங்கால் சில்லிட்டது. நாக்கில் துரு வந்தது. போன் கையில்தான் இருந்தது. இப்போது அழைத்தால் ஷெட்டிலிருந்து ஒருவர் எழுந்து வர வேண்டியிருக்கும், அழைக்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லப் பயம் குறையவில்லை. ஆனாலும் அழுத்தவில்லை. சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றார்கள். பக்கத்தில் பைண்டிங் பிரிவுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவள் அண்ணனுக்கும் அந்தப் பக்கம்தான் வேலை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவர் கையும் ஈரமாக இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. ஆலை ஆபீஸ் எண்.

அந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு தடவைகூட போன் வந்தது கிடையாது. வந்தால் அது எதற்காக வரும் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுக்காத வரை ஒன்றும் நடக்கவில்லை. பைண்டிங் பெண்தான் என் கையைப் பிடித்து போனைக் காதில் வைத்தாள்.

"ஏன் போன் பண்ணல?"

அவர்தான்.

"ஏங்க, நீங்களா? அங்கன என்ன சத்தம்?" என்றேன்.

"அது குவாரியில வேட்டு வச்சிருக்கான். இங்கன ஒண்ணுமில்ல. சத்தம் கேட்ட உடனே எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ஆபீசுல வந்து நிக்கேன், இப்பப் பண்ணுவ, இப்பப் பண்ணுவன்னு. அம்புட்டு நேரமாச்சு, பண்ணல. உனக்கு எதுவும் ஆயிருச்சோன்னு…" நிறுத்தினார். "நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பைண்டிங் பெண்ணுக்கும் அதற்குள் அவள் அண்ணன் ஆலையிலிருந்து சேதி கிடைத்து, ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பக்கத்தில் கணக்குப்பிள்ளை இருமுவது கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வராத ஒன்றை, அந்த மனிதர் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே சொன்னார்.

"எனக்கும் தெனமும் பயமாத்தான் இருக்கு. யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் வந்து, சொன்னார்.